எறும்புக்கு எப்படி இருக்கும்?

பிப்ரவரி 4

என்னை போனில் பிளாக் செய்து வைத்திருக்கும் அக்காவுக்கு,

போனை அடைக்கலாம். தபால்காரரை அடைக்க முடியுமா? அதனால்தான் பேப்பரும் பேனாவும். இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தால் பொடிப்பொடியாகக் கிழி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மா நலம். தையல் மெஷினும் நலம். இரண்டும் ஒரே சத்தத்தில் ஓடுகின்றன. "அவ உன்கிட்ட பேசறாளாடி?" என்று தினமும் கேட்கிறாள். "அங்க டவர் சரியில்லம்மா" என்கிறேன். டவர் என்று நான் சொல்வது உன் தலையை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குக் கிளம்பிய அன்று உன் பிளாஸ்டிக் பெட்டியில் தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டியது நான்தான். ஆறு மாதம் குனிந்த தலை நிமிராமல் நீ செய்த எண்ணியை (வாசலில் யார் கடந்தாலும் ஒன்று, இரண்டு என்று சிவப்பு எழுத்தில் காட்டுமே, அதைத்தான்) கைக்குட்டையிலிருந்து பிரித்து உருண்டைகளுக்கு நடுவே புதைத்தேன். பெட்டியின் உட்பக்கத்தை அம்மாவின் கம்பளித் துண்டால் தேய்தேய் என்று தேய்த்து, மூடி, நன்றாகக் குலுக்கினேன். விடுதி அறையில் தனியாகத் திறப்பாய், மேலெல்லாம் உருண்டை ஒட்டும், என்னைத் திட்டிக்கொண்டே சிரிப்பாய் என்று கணக்குப் போட்டேன். நேராகத் தேர்வு அறைக்கே தூக்கிப் போய் மூன்று அதிகாரிகள் முன்னால் திறப்பாய் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

சரி, சாரி. ஆனாலும் சொல்லு. உருண்டை ஒட்டியதற்கு உறவே ஒட்டாமல் போகுமா? இரண்டு மாதமாகிறது.

எனக்கும் நல்ல காலம் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு உள்ளேயும் வெளியேயும் அலுமினியத் தாள் சுற்றி, மூடியில் ஓர் ஆணி அடித்து, தேய்த்த குழாயால் அதில் மின்சாரம் ஏற்றினேன். "சார், இதக் கொஞ்சம் பிடிங்க, ஆணி ஆடுதான்னு தொட்டுப் பாருங்க" என்று தலைமையாசிரியரிடம் நீட்டினேன். தொட்டுப் பார்த்தார். அவருடைய பேனா மூன்று மேசை தாண்டிப் போய் விழுந்தது. இப்போது அவர் நடந்தாலே குழந்தைகள் "ஷாக் சார்" என்கிறார்கள். அதற்கும் பழி என்மேல்தான்.

பிளஸ் ஒன் மாணவிக்கு அவர் கொடுத்த தண்டனை என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். "இவ்வளவு தெரிஞ்சவ சும்மா இருக்கக் கூடாது. நிலைமின்சாரப் பாடம் முழுக்க நீயே நடத்து. வாரத்துக்கு ரெண்டு மத்தியானம். புத்தகத்த வாசிச்சுக் காட்டக் கூடாது, செஞ்சு காட்டணும். சுவர்ல இருக்கற பிளக்கத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

முப்பத்திரண்டு வாண்டுகள். நேற்று முதல் வகுப்பு. பொடிப்பொடியாகப் பேப்பர் கிழித்து வைத்துவிட்டுச் சீப்பால் தலையைத் தேய்த்தேன். "பாருங்கடா, தொடாமலே தூக்கப்போறேன்!" என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுகூட அசையவில்லை. இன்னும் தேய்த்தேன். பல்லைக் காட்டியது சீப்பு மட்டும் இல்லை, வகுப்பே காட்டியது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "அக்கா, பேன் பாக்கறீங்களா?" என்றான்.

எல்லாரும் சிரிக்கும்போது நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இது தற்செயல்தான். உனக்காகச் சொல்லவில்லை.

கிழித்த துண்டுகளை நீயாவது சீப்பால் தூக்கிப் பார். அங்கே மழை இல்லையே?

இப்படிக்கு,
ஒட்டாத சீப்பு


பிப்ரவரி 9

ஏய் வாலு,

கிழிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

மழை நாளில் ஓடாது. காற்றில் ஈரம் இருந்தால் ஏறிய மின்சாரம் ஒட்டாமல் வடிந்துவிடும். வெயில் நாளாகப் பார். சீப்பைத் துடை. எண்ணெய் வைத்த தலை வேண்டாம்.

நான் சிரிப்புக்காகத்தான் கோபப்படுகிறேன் என்று நினைக்கிறாய். அதுவும்தான். கை, சட்டை, புருவம் எல்லாம் வெள்ளை உருண்டை. உதறினால் மறுகைக்குத் தாவுகிறது. மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்தார். அதை என்னால் தாங்க முடிந்திருக்கும். எண்ணி ஓடியிருந்தால் அவர்கள் வாயை அதுவே அடைத்திருக்கும்.

ஓடவில்லை. பேட்டரி போட்டேன், பொத்தானை அழுத்தினேன், செத்த பாம்பு மாதிரி கிடந்தது. முதல் நாள் மாலை வீட்டில் உன்னை நாற்பது தடவை எண்ணியது, ஞாபகம் இருக்கிறதா? எங்கேயோ நான் வைத்த ஈயப் பற்று விட்டுப் போயிருக்கிறது. ஆறு மாத வேலையை என் கையே கெடுத்துவிட்டது.

அதனால் சோதனைப் பிரிவு கிடைக்கவில்லை, பேக்கிங் கிடைத்தது. நாள் முழுக்க அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம்தான் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறார்கள். எல்லாருக்கும் நீலக் கோட்டு. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் வயர், வயரின் மறுமுனை மேசையில். கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி. மூலையில் ஒரு மெஷின் பனிபோல ஈரப் புகை விட்டுக்கொண்டே இருக்கும். "எதுக்குக்கா கட்டி வச்சிருக்காங்க, ஓடிப்போயிடுவாங்கன்னா?" என்று எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது உள்ள இருக்கறவங்க விஷயம். நீ டேப்ப ஒட்டு" என்றார்.

மறுபடி தேர்வு வைக்கிறார்கள். மார்ச் 2க்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கப் போவதில்லை. இந்த முறை விட்டால் மூன்று வருடத்துக்குப் பேக்கிங் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கட்டும். அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா


பிப்ரவரி 13

கன்றுக்குட்டிகளை வேடிக்கை பார்க்கும் அக்காவுக்கு,

வெயில் வந்தது! சீப்பும் வந்தது! துண்டுகள் துள்ளின. பேன் பார்க்கச் சொன்னவன் வாய் பிளந்தது. அவனுக்கு நான் வைத்த பெயர் "பேன் டாக்டர்". பெருமையாக ஏற்றுக்கொண்டான்.

அடுத்தது குழாய். தண்ணீரை நூல்போல விட்டுவிட்டுச் சீப்பைப் பக்கத்தில் கொண்டுபோனேன். தொடவில்லை, ஒரு விரல்கடை தள்ளித்தான். தண்ணீர் வளைந்தது, அக்கா! யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நூறு தடவை கேட்ட பாடம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கே முதுகு சிலிர்த்தது. கேலி செய்ய ஒரு வரிகூட எனக்குத் தோன்றவில்லை. என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நேற்று ஜாம் பாட்டில். மூடி வழியாக ஒரு செம்புக் கம்பி, அதன் அடியில் மெல்லிய அலுமினியத் தாளில் இரண்டு இலைகள். தேய்த்த சீப்பைக் கம்பியின் தலைக்குமேல் காட்டினால், பாட்டிலுக்குள் இலைகள் இரண்டும் விலகுகின்றன. நடுவில் கண்ணாடி, காற்று. யாரும் தொடவில்லை. இருந்தும் அதுகளுக்குத் தெரிகிறது.

கடைசிப் பெஞ்சில் ஒரு சின்னப் பெண் உண்டு. கேள்வி கேட்கும்போது முதுகு வளைந்து, கழுத்து முன்னால் வந்துவிடும். பெயர் "கேள்விக்குறி". அவள் கேட்டாள்: "ஏன்க்கா சண்ட போட்டுக்குது?"

"ரெண்டுக்கும் ஒரே மாதிரி மின்சாரம் ஏறியிருக்கு. ஒரே மாதிரி இருந்தா ஒதுங்கிப் போகும்."

"எப்ப ராசியாவும்?"

கம்பியின்மேல் ஒரு விரலை வைத்தேன். இலைகள் பொத்தென்று சேர்ந்தன.

நானும் நீயும் ஒரே மாதிரி பிடிவாதம். யாராவது ஒருத்தர் விரல் வைத்தால் போதும். இந்தக் கடிதம் என் விரல். விண்ணப்பம் போடு, அக்கா. நாற்பது தடவை என்னை எண்ணிய பற்று ஒரே ராத்திரியில் எப்படி விட்டுப்போகும்?

இப்படிக்கு,
ஜாம் பாட்டிலின் இடது இலை


பிப்ரவரி 18

இடது இலைக்கு,

தண்ணீர் வளைந்ததைப் படித்துவிட்டு விடுதிக் குழாயில் நானும் செய்து பார்த்தேன். வளைந்தது. என் அறைத்தோழி இன்னும் குழாயடியிலேயே நிற்கிறாள்.

விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்காதே. பற்று வைக்கும் இரும்பைச் சூடாக்கிவிட்டு, எதையும் தொடாமலே அணைத்துவிடுகிறேன். எது விட்டுப்போனது என்று தெரிந்தால் சரிசெய்யலாம். தெரியாமலே கெட்டதை எப்படி நம்புவது? எண்ணியைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நீ பாடம் நடத்து. நன்றாக நடத்துகிறாய்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

இந்தக் கடிதத்தில் கேலி வராது. தேட வேண்டாம்.

நேற்று நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். வகுப்பறை ஜன்னல்களை அம்மாவின் கறுப்புத் துணியால் மூடினேன். பட்டப்பகலில் கும்மிருட்டு. பள்ளிக் கிடங்கிலிருந்து, எரிந்து தீர்ந்துபோன சின்ன டியூப் லைட் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். வயர் இல்லை, பிளக் இல்லை. கையில் பிடித்துக்கொண்டேன். பேன் டாக்டர் பிளாஸ்டிக் குழாயைக் கம்பளியால் தேய்த்து டியூபின் ஓரமாக நகர்த்தினான்.

வெளிச்சம் வந்தது.

பெரிய வெளிச்சம் இல்லை. நீலமாக, ஒரு மூச்சுப்போல, குழாய் போகிற பக்கமெல்லாம் உள்ளே ஓடியது. அடுத்தடுத்துத் தேய்க்கத் தேய்க்க, அந்த வெளிச்சத்தில் முகங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. முப்பத்திரண்டு வாண்டுகள் சேர்ந்து சத்தம் போடாமல் இருந்ததை இந்தப் பள்ளி இதுவரை கண்டிருக்காது. வாசலில் தலைமையாசிரியர் வந்து நின்றதுகூட யாருக்கும் தெரியவில்லை. "மின்னலும் இதேதான்" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பேன் டாக்டர் அடுத்த தடவை தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

துணியை விலக்கியபின் பிளாஸ்டிக் நாற்காலியில் உரசி எழுந்து ஒருவர் விரலை ஒருவர் தொட்டு விளையாடினார்கள். சுருக், சுருக், ஒரே கூச்சல். அப்போதுதான் கேள்விக்குறி வளைந்தாள்.

"அக்கா, நமக்கே சுருக்குன்னு இருக்கே. எறும்புக்கு எப்படி இருக்கும்?"

சிரித்துக்கொண்டே பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு எறும்பு தெரியவில்லை, அக்கா. உன் எண்ணியின் நடுவில் இருக்குமே, கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் முளைத்த ஐசி சில்லு, அது தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் இயற்பியல் டீச்சரிடம் ஓடினேன். சொன்னார்: நமக்குச் சுருக்கென்று தெரியவே ஏறக்குறைய மூவாயிரம் வோல்ட் வேண்டுமாம். சில ஐசிகள் நூறு வோல்ட்டிலேயே செத்துவிடுமாம். புகை வராது, கருகாது, சத்தம் கேட்காது. நம் விரலுக்கே தெரியாத அளவில் அதன் கதை முடிந்திருக்கும்.

"அப்ப இதையெல்லாம் தொடற வேல செய்யறவங்க என்ன பண்ணுவாங்க டீச்சர்?"

"கைல பட்ட கட்டி வயரால பூமியோட சேத்துக்குவாங்க. உடம்புல ஏறினது அப்படியே எறங்கிடும். காத்தையும் ஈரமா வச்சிருப்பாங்க."

உன் கன்றுக்குட்டிகள், அக்கா. உன் ஈரப் புகை. அவர்களை யாரும் கட்டிப்போடவில்லை.

அந்தப் பெட்டியைக் கம்பளியால் தேய்த்தது யார்? பருத்திக் கைக்குட்டையிலிருந்து போர்டைப் பிரித்து உருண்டைகளுக்குள் புதைத்தது யார்? குலுக்கியது யார்? உருண்டை உன் புருவத்தில் ஒட்டும் அளவுக்கு அதற்குள் மின்சாரம் இருந்தது. அதற்கு நடுவில் அந்த எறும்பு ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்தது.

உன் கை கெடுக்கவில்லை. நான் கெடுத்தேன். உன்னைச் சிரிக்க வைக்கிறேன் என்று இரண்டரை மாதமாக உன் கையையே நீ சந்தேகப்படும்படி செய்துவிட்டேன்.

இதெல்லாம் என் ஊகமாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து எடு. முதலில் ஜன்னல் கம்பியைத் தொடு. ஒரு பற்றையும் தொடாதே. அந்த ஒரு ஐசியை மட்டும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, கடையில் வாங்கிய வேறு ஒன்றை வை.

மார்ச் 2க்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

உன் தங்கை


மார்ச் 1

வாலு,

நேற்று எடுத்தேன். பெட்டியின் மூலையில் இன்னும் நாலு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஜன்னல் கம்பியைத் தொட்டேன். ஐசியை மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. அதை வாசற்படியில் வைத்துவிட்டு வெகுநேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுத்தப் பயம். அறைத்தோழிதான் அழுத்திவிட்டு, வாளியோடு அதைக் கடந்து போனாள்.

1.

தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். 2. "என்னடி அழற?" என்றாள். நானும் போய்விட்டு வந்தேன். அவளும் போனாள். பைத்தியம் பிடித்த மாதிரி இரண்டு பேரும் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். 61 வரை எண்ணியது. என் பற்று ஒன்றுகூட விடவில்லை. ஒன்றுகூட.

உன்மேல் கோபம் தீரவில்லை. எண்பது நாள் என் விரல்களைத் திட்டியிருக்கிறேன், அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? ஆனால் நீ எழுதாமல் மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நீ எழுதினாய். அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 16

வாலு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். வீட்டில் திறக்காதே. உன் முப்பத்திரண்டு பேர் முன்னால் திற. இது என் கட்டளை.

தேர்வு முடிந்தது. அதே மூன்று பேர். என்னைப் பார்த்ததும் ஒருவர் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்துக்கொண்டார். இந்த முறை ஓடாத போர்டு ஒன்றை மேசையில் வைத்து, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் கையை நீட்டவில்லை. "மொதல்ல பட்ட குடுங்க சார்" என்றேன்.

குவளைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குன்னு தெரியுமா?"

"எறும்புக்கு வலிக்கும் சார்."

விளக்கமும் சொன்னேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன். அவரே எழுந்து வந்து என் மணிக்கட்டில் பட்டையை மாட்டினார். பதினொரு நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடித்தேன்.

நாளையிலிருந்து நானும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி.

உன் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ இவ்வளவு உண்மை பேச மாட்டாய்.

அக்கா


மார்ச் 20

அடிப்பாவி அக்கா,

திறந்தேன். தெர்மாகோல். தேய்த்துக் குலுக்கி அனுப்பியிருக்கிறாய். கை, காது, மூக்குத் துவாரம் வரை உருண்டை. உதறினால் தாவுகிறது, துடைத்தால் பெருகுகிறது. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. "அக்காவுக்குப் பேன் வெள்ளையா இருக்குடோய்!" என்றான் பேன் டாக்டர். சத்தம் கேட்டு ஓடி வந்த தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். மெதுவாக, மிக மெதுவாக, அந்த மனிதர் சிரித்தார். அவருக்கும் பாக்கி தீர்ந்தது.

அப்புறம் அடியில் பளபளப்பான ஒரு வெள்ளிப் பை தெரிந்தது. "இந்தப் பைக்குள் எதுவும் நுழையாது. உன் குறும்புகூட" என்று மேலே எழுதியிருந்தாய். சிரிப்பு தானாக அடங்கியது. நான் நேராக ஜன்னலுக்குப் போய், கம்பியைத் தொட்டுவிட்டு வந்துதான் பையைத் தொட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேள்விக்குறி மட்டும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எறும்பு" என்று பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

உள்ளே இருந்த எண்ணியை வகுப்பு வாசலில் வைத்து அழுத்தினேன். சிவப்பாக ஒரு பூஜ்யம். அது விழித்துக்கொண்டதும் என் கண் கலங்கிவிட்டது. உருண்டை விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வாண்டுகளை வரிசையாக ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். யாரும் தள்ளிக்கொள்ளவில்லை. தாண்டும்போது ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் எண்ணைப் பார்த்தார்கள், தங்களை அந்த இயந்திரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. 32. "நானும் போகலாமா?" என்றார் தலைமையாசிரியர். 33. கடைசியாக நான், மேலெல்லாம் வெள்ளையாக. 34.

அணைக்கவில்லை, அக்கா. அறையைப் பூட்டி, சாவியை நானே வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து விடுமுறை, யாரும் அந்த வாசலைக் கடக்கப் போவதில்லை.

35 உன்னுடையது. பேட்டரி தீர்வதற்குள் வந்து சேர்.

உன் வாலு